திருக்கோவிலில் கலந்த நிறம்

காருக்குப் பெயின்ட் அடிக்கிறவனுக்கு இரண்டு பயம் இருக்கும். ஒன்று, பெயின்ட் காயும்போது கடல்காற்று மண்ணை அள்ளிக்கொண்டு வருமோ என்பது. மற்றது, காரின் சொந்தக்காரர் வந்து பார்க்கும்போது அவருடைய முகம். இந்தத் தொழிலில் கிடந்து நெஞ்சு அடித்துக்கொண்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் எண்பதுகளின் நடுவில், கல்முனையில் கடற்கரைக்குப் போகிற ரோட்டில் என் கராஜ் இருந்தபோது, இன்னொரு பயமும் வந்து சேர்ந்தது.

பச்சையா, சாம்பலா?

காணி உறுதி எழுதுகிற நிந்தவூர் மஜீது நொத்தாரிஸ் தன் வாப்பா ஓட்டிய பழைய மொரிஸ் மைனரைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கி, என் கராஜில் கொண்டுவந்து விட்டார். இடையில் பல கை மாறி, மெரூன் அடித்து, அதற்கு மேல் கறுப்பு அடித்து, பாவம், கார் ஆளே மாறிப்போய் நின்றது. கப்பலால் இறங்கிய நாளில் என்ன நிறமோ அந்த நிறம்தான் வேண்டும் என்றார். எனக்கு முன்னால் ஒரு பெயின்டர் அடித்துக் காட்டிய மாதிரியை அவர் ஏற்கெனவே வேண்டாம் என்று விட்டிருந்தார்.

கதவிடுக்கு, டிக்கியின் அடி, ரப்பருக்குக் கீழே என்று எல்லா இடமும் சுரண்டினேன். யாரோ ஒரு புண்ணியவான் தகரம் வரைக்கும் தேய்த்து எடுத்திருந்தான். டாஷ்போட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்னத் திட்டு. அதுவும் சூட்டில் பழுத்துப்போய், வெயிலில் பச்சையாகவும் நிழலில் சாம்பலாகவும் தெரிந்தது. தகரத் துண்டுகளில் மாதிரி அடித்துக் காட்டினேன். நொத்தாரிஸ் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, சாரன் நுனியால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு பார்ப்பார். ஒவ்வொரு தகரத்துக்கும் ஒருமுறை துடைத்தார்.

"இது பச்சை மனெ. வாப்பாட கார் பச்சையும் இல்ல, சாம்பலும் இல்ல. அதே கப்பல்ல வந்த மத்தக் கார் திருக்கோவில்ல ரோட்டு வேலை பாத்த நல்லதம்பி ஓவசியர்ட்ட இரிக்கி. நீ போய் அதப் பாத்திட்டு வா."

கார் எங்க?

சொல்ல லேசு. திருக்கோவில் தமிழ் ஊர், நான் முஸ்லிம். அந்த வருசம் தமிழ் ஊருக்கும் முஸ்லிம் ஊருக்கும் இடையில் நெருப்புப் பிடித்து, அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. சொந்தக்காரரின் மையித்து வீட்டுக்கே மற்ற ஊரைத் தாண்டிப் போக ஆட்கள் யோசித்தார்கள். நான் சட்டையை மாட்டும்போது என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "ஆக்களப் பாக்கவே ஆக்கள் போகாத நேரம். நீங்க நிறம் பாக்கப் போறீங்களா?" என்றாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

பையில் சின்னச் சின்னப் பெயின்ட் டின்கள், ஒரு போத்தல் தின்னர், கலக்குகிற குச்சி, நாலைந்து தகரத் துண்டு. ஸ்பிரே கன்னைக் கொண்டுபோகவில்லை. 'கன்' என்ற சொல்லையே பஸ்ஸுக்குள் சொல்லப் பயம். அக்கரைப்பற்றைத் தாண்டியதும் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்தவன் தின்னரை மணந்து பார்த்து, இரண்டடி பின்னால் போய்த் துவக்கை நிமிர்த்தினான். நான் ஒரு டின்னைத் திறந்து, குச்சியால் தொட்டு, என் நகத்தில் பூசிக் காட்டினேன். அவன் என் நகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்:

"பெயின்ட் இரிக்கு. கார் எங்க?"

வைக்கோலுக்குள்

அவன் ஒருவழியாக விட்டதும், திருக்கோவிலில் இறங்கி நல்லதம்பி ஓவசியரின் வீட்டைக் கண்டுபிடித்து, ஸலாத்தை விழுங்கி வணக்கம் சொல்லி, வந்த விசயத்தைச் சொன்னேன். மனிதரின் முகம் வெளிறிப்போனது. "காரா? என்னட்டக் கார் இல்ல. அத வித்துப்போட்டன். உங்கள ஆர் அனுப்பின?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கதவைப் பாதி சாத்தினார். நான் அவருக்குப் பயந்துகொண்டு வந்தவன். அவர் எனக்குப் பயப்படுவார் என்று நினைத்தே பார்க்கவில்லை. ஆயுதம் வைத்திருந்த பொடியன்கள் ஓடுகிற வாகனம் எங்கே கண்டாலும் சாவியைக் கேட்கிற காலம். அவர்களுக்கு உளவு பார்க்க வந்தவன் என்று என்னை நினைத்துவிட்டார்.

அவருடைய மனைவிதான் என் நகங்களைக் கவனித்தார். "இது பெயின்ட்காரன்ட கைதானுங்க. கூட்டிப்போய்க் காட்டுங்க" என்றார். பின்வளவில் பெரிய வைக்கோல் போர் ஒன்று இருந்தது. ஓவசியர் இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் போட, உள்ளே காரின் முன்பக்கம் தெரிந்தது. பாசிப்பயறு ஊறிய தண்ணீரில் ஒரு சொட்டுப் பால் விட்ட மாதிரி ஒரு நிறம். நொத்தாரிஸ் சொன்னது சரி. நான் அப்படி ஒரு நிறத்தைக் கண்டதே இல்லை.

குந்தியிருந்து கலக்கத் தொடங்கினேன். ஈரத்தில் பொருந்துகிற நிறம் காய்ந்தால் ஒரு படி கறுக்கும், தெரியுந்தானே. ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்துதான் அடுத்ததைப் பார்க்கலாம். கறுப்பு ஒரு துளி, மஞ்சள் அரைத் துளி என்று நான் ஊரை மறந்து இருக்க, ஓவசியர் அவசரத்தோடு என் தலைக்கு மேல் நின்றார்.

"கெதியாக் கலக்குங்க தம்பி. நீங்க நிறத்தப் பாக்கிறீங்க, நான் வாசல் படலையப் பாக்கிறன்."

பெருவிரல்

கல்முனைக்குத் திரும்பி அடித்துக் கார் முடிந்த அன்று நொத்தாரிஸ் கண்ணாடியைத் துடைக்கவில்லை. கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வெறுங்கண்ணால் பார்த்தபடி கதவைத் தடவினார். நானும் அன்றைக்கு நிம்மதியாகச் சோறு தின்றேன். அந்த வாரமே என் கராஜ் வாசலில் ஆமி ஜீப் ஒன்று வந்து நின்றது.

என்னை ஏற்றிப்போன முகாமில் நொத்தாரிஸ் ஒரு வாங்குப் பலகையில் குனிந்தபடி இருந்தார். வெளியே அவருடைய கார். பிறகுதான் தெரிந்தது, ஓவசியரின் வைக்கோல் போரைப் பொடியன்கள் கலைத்துக் காரைக் கொண்டுபோய்விட்டார்களாம். அது யாருடைய கார் என்று தெரியாமல், அதில் அவர்கள் திரிவதாக மட்டும் ஆமிக்குத் தகவல் வந்து, அதே நிறத்தில் ஒரு மொரிஸ் மைனரைத் தேடிக்கொண்டிருந்தவர்களின் கையில் நொத்தாரிஸ் அகப்பட்டிருக்கிறார். நம்பரை மாற்றலாம், நிறம் ஒன்றுதானே என்பது அவர்களின் கணக்கு. அதிகாரி என்னிடம் தமிழில் கேட்டார்: "இந்த நிறத்த எதப் பாத்துக் கலந்த?" நொத்தாரிஸ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். திருக்கோவில் என்று ஒரு சொல் சொன்னால் அடுத்த ஜீப் எங்கே போகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "கொழும்பில தொழில் படிச்ச காலத்தில இந்தக் காருகள் நிறைய அடிச்சிரிக்கன் சேர். கைக்குப் பழகின நிறம்" என்றேன்.

அவர் நம்பினாரோ என்னவோ. எழுந்து வெளியே போய், காரின் முன்மூடியில் பெருவிரலை வைத்து அழுத்தினார். பெயின்டில் விரல் அப்படியே பதிந்தது. உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி இதை யார் தேய்த்துப் பொலிஷ் பண்ணுவது என்பதுதான். உயிர்ப் பயம் அதற்குப் பிறகுதான் திரும்பி வந்தது. அவர் விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது புதுப் பெயின்ட். நாங்க தேடுறது பழசு. கொண்டு போங்க. ஆனா இந்த நிறத்தோட திரும்ப ரோட்டுக்கு வராதீங்க."

ஓவசியர் வந்தார்

நொத்தாரிஸ் நிறத்தை மாற்ற ஒத்துக்கொள்ளவில்லை. காரைக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டினார். பின்னேரங்களில் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, காரில் ஏறிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார் என்று அவர் வீட்டார் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து, கல்முனைக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார் நல்லதம்பி ஓவசியர். பொடியன்கள் அவருடைய காரை வயல் வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டுப் போயிருந்தார்களாம். கண்ணாடி இல்லை, ஒரு பக்கம் நசுங்கல், ஆனால் இஞ்சின் ஓடுகிறது என்றார். கராஜ் வாங்கில் இருந்தவர் தேத்தண்ணீரைத் தொடாமல், "உங்களயும் கொண்டுபோய் விசாரிச்சதாமே. என்ட பேர் வந்ததா தம்பி?" என்று மெல்லக் கேட்டார். "இல்ல ஐயா, வரல்ல" என்றேன். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

காரைக் கொண்டுவாருங்கள், கப்பலால் இறங்கிய மாதிரி ஆக்கித் தருகிறேன், கலவை என் கையில் இருக்கிறது என்று நான் உற்சாகமாகச் சொன்னேன். அவர் திடுக்கிட்டு ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"என்ன நிறமெண்டாலும் அடிங்க தம்பி. அது வந்த நிறத்த மட்டும் அடிச்சிராதீங்க."

இந்தக் கரையில் அந்த நிறத்தைச் சரியாகக் கலக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்குப் பிறகு அந்த நிறத்தில் ஒரு காரும் ரோட்டில் ஓடி நான் காணவில்லை.