கருவாடு மணந்த அரிசி

சில்லறைக் கடைக்காரனுக்கு முகம்தான் முதல். அந்த முகத்தில நானே கரி பூசின கதையைச் சொல்லப்போறன். கடை வச்சிருக்கிற ஆக்களே, சிரிக்கிறதெண்டால் சிரியுங்கோ. ஆனால் உங்கட சாமான் அறையையும் ஒருக்கா நினைச்சுக்கொள்ளுங்கோ.

பொதுக் கொத்து

ரெண்டாம் உலகச் சண்டைக் காலம். பர்மா அரிசி நிண்டுபோச்சு. மன்னார்க் கடைத்தெருவில நாங்கள் மூண்டு சின்னக் கடைக்காரர்: காசிம் நானா, செபமாலை அண்ணை, அரிசியோட கருவாடும் விக்கிற நான். தனித்தனியாய் நிண்டால் மூண்டு கடையும் பூட்டவேண்டியதுதான். அதனால இருக்கிற அரிசி முழுவதையும் நானாவின்ர கடையில ஒண்டாய்க் கொட்டி, முறை வச்சு, வீட்டுக்கு ஒரு கொத்து அளக்கிறதெண்டு பேசி முடிச்சம்.

என்னட்ட ஐஞ்சு மூட்டை இருந்தது. மூண்டைக் கொண்டுபோய் இறக்கினன். வீட்டில நாலு பிள்ளையள் எண்ட பயத்தில, மற்ற ரெண்டையும் கருவாட்டுச் சாக்குகளுக்கு அடியில தள்ளிப்போட்டன். எல்லாற்ற அறையையும் பாப்பம் எண்டார் செபமாலை அண்ணை. காசிம் நானா விடேல்லை.

"ஆளை ஆள் சோதிக்கிறதெண்டால் பிறகென்னத்துக்குக் கூட்டு?"

வங்காலை மனுசி

ஒரு மாதம் போச்சு. அண்டைக்கு அளக்கிறது என்ர முறை. அண்டைய பங்கு அரிசி முடிஞ்சாப்போல வங்காலையிலயிருந்து ஒரு மனுசி நடந்து வந்து நிண்டா. வீட்டில காய்ச்சல்காரப் பிள்ளை, கஞ்சிக்கு ஒரு பிடி கிடைச்சாலும் காணும் எண்டா. "இல்லைப் பிள்ளை" எண்டு நிலத்தைப் பாத்துச் சொன்னன். ஒரு ஏச்சு ஏசியிருந்தாலும் தாங்கியிருப்பன். அவ எனக்காக இரங்கினா.

"பாவம் அண்ணை, உங்கட பிள்ளையளும் பட்டினியோ? மாதாவிட்ட அவைக்கும் சேத்து மன்றாடுறன்."

மணம்

அண்டு பின்னேரமே ரெண்டு மூட்டையையும் தூக்கிக்கொண்டு போய், பாப்பாமோட்டையில வயல் செய்யிற மச்சான் அனுப்பினவன் எண்டு பொய் சொல்லி, பொதுக் குவியலில கொட்டிக் கிளறிவிட்டன். அந்த மனுசிக்கும் அதே பொய்யைச் சொல்லி, ரெண்டு கொத்து வீடு தேடிக் கொண்டுபோய்க் குடுத்தன். கருவாட்டு மணம் எனக்குப் பழகிப்போன மணம். அரிசியில அது ஏறியிருந்தது என்ர மூக்குக்குத் தெரியேல்லை. அடுத்தநாள் கடைத்தெருவில எந்த வீட்டுச் சோத்திலயும் அதே மணம். அந்த மனுசி திரும்பி வந்து, என்ர கருவாட்டுச் சாக்குகளைக் கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டா.

"பாப்பாமோட்டையில வயலுக்குள்ளயோ அண்ணை கருவாடு காயப்போடுறவை?"

தண்டனை

இதைக் கேள்விப்பட்ட செபமாலை அண்ணைக்கு மூக்கில கோபம். இவனைக் கூட்டிலயிருந்து விலத்துங்கோ எண்டு குதிச்சார். விலத்தினால் என்ர கடை அண்டைக்கே பூட்டுத்தான். காசிம் நானா அரிசி அளக்கிற கொத்தை எடுத்து என்ர கையில வச்சார்.

"விலத்தினால் நீ வீட்டுக்குள்ள ஒளிச்சிடுவாய் தம்பி, இந்த அரிசி முடியுமட்டும் ஒவ்வொரு வீட்டாற்ற முகத்தையும் பாத்து நீதான் அளக்கிறாய்."

கருவாட்டுக்குப் பக்கத்தில மட்டும் எதையும் ஒளிக்காதேங்கோ எண்டு இப்ப பகிடியாய்ச் சொல்லித் திரியிறன், ஆனால் அந்த மனுசி என்ர பிள்ளையளுக்காக மன்றாடினதை இண்டுவரைக்கும் வீட்டில சொல்லேல்லை.