இண்டிகேட்டர் மாஸ்டர் நிறுத்தாமல் போன நாள்

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. இண்டிகேட்டர் மாஸ்டர் என்றால் கடைக்காரர்கள்கூட வழி காட்டுவார்கள். கியர் தப்பாக விழுந்தால் சிரிப்பார், வண்டி நடுரோட்டில் அணைந்து நின்றால் பொறுத்துக்கொள்வார். இண்டிகேட்டர் போடாமல் ஒதுங்கினால் மட்டும் தொலைந்தது. இடப்பக்க இருக்கையில் அவர் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை ஓங்கி மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு ஆரம்பிப்பார்.

"பின்னாடி வர்றவனுக்கு உன் மனசுல என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்? விளக்கைப் போட்டா வாக்கு கொடுத்த மாதிரி. கொடுத்தா காப்பாத்தணும்."

இருபத்திரண்டு வருஷம் இதே பாட்டு. மனைவிக்கு அது மனப்பாடம். டிரைவிங் பள்ளிக்கு வருகிற போனை எடுப்பதும், யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று நோட்டில் குறிப்பதும் அவள் வேலை.

மாஸ்டர் குடிகாரர் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் பாவம். ஆனால் குடிக்காதவரும் இல்லை. அன்றைக்கு, நாலு முறை டெஸ்டில் தோற்ற கறிக்கடைக்காரர் ஐந்தாம் முறை தேறிவிட்டார். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மாஸ்டரை மதியச் சாப்பாட்டுக்கு இழுத்துப்போய்ப் பாட்டிலைத் திறந்தார். ஒன்று மரியாதைக்கு, இரண்டு சந்தோஷத்துக்கு. மூன்றாவது எதற்கு என்று மாஸ்டரைத்தான் கேட்க வேண்டும். யானைக்கும் அடி சறுக்கும் என்று பின்னால் பலர் சமாதானம் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சறுக்கினவன் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, பெல்ட் போட்டுக்கொண்டா கிளம்புவான்?

பாலத்தடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு பெண் போலீஸ் தனியாக நின்று கை காட்டினாள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? மாஸ்டரின் கண் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்தது, கை இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டது, வேகம் குறைந்தது. விளக்கு மின்னுவதைப் பார்த்த அந்தப் பெண், வண்டி நிற்கப் போகிறது என்று நம்பி, ஊதிப் பார்க்கும் கருவியைப் பையிலிருந்து எடுத்தபடி ஓரத்துக்கு நடந்து வந்தாள்.

மாஸ்டர் கருவியைப் பார்த்தார். ஊதினால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் பள்ளி போகும். ஆக்சிலேட்டரை மிதித்தார். வண்டியின் முன்பக்க மூலை அவள் காலை நடைபாதைக் கல்லோடு வைத்து நசுக்கியது. அலறல் காதில் விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

ஓடினாரே, எந்த வண்டியில் ஓடினார் தெரியுமா? கூரைமேல் பள்ளியின் பெயர், அதன்கீழ் முழ நீளத்துக்குப் போன் நம்பர். போலீஸ் துரத்தவே இல்லை, போன் போட்டார்கள்.

"வணக்கம், புதுசா சேரணுங்களா?" என்றாள் மனைவி.

"உங்க வண்டி எங்க இருக்கும்மா?"

அவள் எட்டிப் பார்த்தாள். வண்டி வாசலில்தான் நின்றது. மாஸ்டர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இடப்பக்க விளக்கு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் ஜாமீனில் வந்ததும், அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வக்கீல் நிலவரத்தைச் சொன்னார். "குடிச்சு ஓட்டினது மட்டும்னா அபராதம், ஆறு மாசம் லைசென்ஸ் இருக்காது. நின்னிருந்தா அதோட முடிஞ்சிருக்கும் மாஸ்டர். கை காட்டியும் நிக்காம ஓடினது தனி கேஸ். ஆளை அடிச்சுட்டு நிக்காம போனது அதைவிடப் பெரிசு. அதுக்கு ஜெயில்தான்."

"வழியே இல்லீங்களா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கு. கை காட்டினதை நீங்க பாக்கவே இல்ல. எதிர்க்கடை கேமராவுல இண்டிகேட்டர் நல்லாத் தெரியுது. அது பாலத்தடி சந்துக்குள்ள திரும்பறதுக்காகப் போட்டது. அங்க கூட்டமா இருந்ததால நேராப் போயிட்டீங்க. யாரையும் அடிச்சதே உங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

மனைவி காபித் தட்டோடு நின்றாள். "அந்தப் பொண்ணு கால் எப்படி இருக்குங்க?"

வக்கீல் காபியை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சந்து ஒருவழிப் பாதை. வெளியே வரலாமே தவிர உள்ளே போக முடியாது. வக்கீல் பஸ்ஸில் வருகிறவர், அவருக்குத் தெரியாது. மாஸ்டருக்குத் தெரியாதா? ஜெயில் என்ற சொல் காதில் விழுந்தபின் ஒருவழியாவது, இருவழியாவது. அடுப்படியில் நின்று மனைவியிடமே ஒரு வாரம் ஒப்பித்துப் பார்த்தார். அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோர்ட்டில் எல்லாம் நன்றாகவே போயிற்று. பாக்கவே இல்லீங்க என்றார், சந்துக்குத் திரும்பத்தான் போட்டேன் என்றார். சுவரோரம் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த பெண் போலீஸ் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அரசு வக்கீல் எழுந்து, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பசங்களுக்குச் சொல்லித்தரும்போதும் அந்தச் சந்துக்குள்ளதான் திருப்புவீங்களா?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "அதெப்படிங்க? அது ஒன்வே. என்கிட்ட படிக்கிறவன் எவனாச்சும் அந்தப் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்பினா, பிரேக்கை மிதிச்சு அங்கயே இறக்கி விட்ருவேன்!"

தவளை தன் வாயால் கெடும். மாஸ்டரின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப அந்த இண்டிகேட்டர் யாருக்குப் போட்டது?" என்றார் அரசு வக்கீல்.

மாஸ்டர் கூண்டின் கம்பியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். கடைசியில் ஊன்றுகோலைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்குத்தான். நிக்கறேன்னு சொன்னேன்" என்றார். "நம்பி ஓரத்துக்கு வந்தாங்க."

ஒன்பது மாதம் ஜெயில். ஆறு வருஷத்துக்கு எந்த வண்டியும் ஓட்டக் கூடாது. கற்றுக்கொடுக்கும் உரிமை நிரந்தரமாக ரத்து. நீதிபதி வாசித்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாஸ்டர் ஜெயிலில் பாத்திரம் கழுவினார். வெளியே மனைவி, பழைய நம்பருக்கு வந்த போனையெல்லாம் எடுத்து, "இல்லீங்க, இப்ப சொல்லித்தர்றதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டவர்களிடமும் ஒளிக்கவில்லை. விடுதலையான காலையில் அவளே போய் அழைத்துவந்தாள். இருவரும் பஸ்ஸில் வந்து கடைத்தெருவில் இறங்கினார்கள்.

எதிர்ச்சாரியில் அந்தப் பெண் போலீஸ் நின்றிருந்தாள். சாதாரண உடை, கையில் கோப்புக் கட்டு, மறுகையில் அதே ஊன்றுகோல். மேஜை வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்று மனைவி மெல்லச் சொன்னாள்.

அந்தப் பெண் தெருவைக் கடக்கப் பார்த்தாள். வந்துகொண்டிருந்த ஒரு கார் இண்டிகேட்டர் போட்டு, ஓரமாக ஒதுங்கி, ஒழுங்காக நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "போங்கம்மா" என்று கையும் காட்டினார். அவள் அசையவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓட்டியவர் சலித்துப்போய் இன்ஜினை அணைத்து, சாவியை உருவி, அவளுக்குத் தெரிகிற மாதிரி வெளியே நீட்டிக் காட்டினார். அப்புறம்தான் முதல் அடியை எடுத்து வைத்தாள்.

"வாங்க, போலாம்" என்றாள் மனைவி.

"அவங்க முதல்ல தாண்டிக்கட்டும்" என்றார் மாஸ்டர்.