நடுவுக்குக் கொஞ்சம் கீழே

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி, அரிசி ஆலை, உப்பளம் என்று திரிந்து, தொண்ணூறுகளின் நடுவில் மேலப்பாளையத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலைக்கு நின்றேன். அங்கேதான் அந்தக் கார் வந்தது. சவுதியை விட்டு ஊரோடு வந்துவிட்ட பாய் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார். தரையை ஒட்டிக் கிடக்கும். இரண்டு பேர்தான் உட்காரலாம். இன்ஜினில் பிஸ்டன் கிடையாது, முக்கோண இரும்பு ஒன்று உள்ளே சுற்றும் என்றார் பாய். எங்களில் யாரும் அப்படி ஒரு இன்ஜினைத் திறந்து பார்த்ததில்லை.

பாய்க்கு ஆறு வயதில் ஒரு மகள். அவர் சவுதியில் இருக்கும்போது பிறந்தவள். ஊருக்கு வந்த புதிதில், அவர் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கார் வந்த பிறகுதான் அவருக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். காரை விற்று இங்கேயே ஒரு கடை போட்டால் திரும்பப் போக வேண்டியதில்லை என்று பாய் நினைத்திருந்தார். திருச்செந்தூரில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவர், ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அது சித்திரை மாதம். காரின் சூடு காட்டும் முள் எப்போதும் நடுவுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். பாய்க்கு அதுவே பயம்.

"ஏலே, பாதிக்குப் பக்கத்துல நிக்கு. வழியில கொதிச்சிட்டா மானம் போயிரும்."

"வால்வைக் கழத்திருவோம் பாய். நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?"

எந்தக் கார் வந்தாலும் நாங்கள் செய்கிற முதல் வேலை அதுதான். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கும் சின்ன வால்வு. குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது வேண்டும் என்று நினைத்திருந்தோம். கழற்றினால் முள் இறங்கும். இதிலும் கழற்றினேன். பாய் பக்கத்தில் நின்று போல்ட்டுகளைக் கையில் வாங்கிக்கொண்டார். வால்வில் 82 என்று பொறித்திருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஒர்க்ஷாப் வாசலில் ஓடவிட்டபோது முள் கீழேயே கிடந்தது.

"பாத்தியளா?"

"நீ இன்ஜினியருக்குப் படிச்சிருக்கணும்லே" என்று பாய் சிரித்தார்.

மறுநாள் காலை நானும் அவரும் கிளம்பினோம். ஸ்ரீவைகுண்டம்வரை ஒன்றுமில்லை. ஏரல் சாலை காலியாக இருக்கவும் பாய் மிதித்தார். முள் நடுவைத் தாண்டியதும் நான்தான் பார்த்தேன். நான் சொல்லி அவர் காலை எடுப்பதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது.

வாழைத்தோட்டத்து ஓரம் நின்றோம். பின்னால் வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி, "என்ன வே, காருக்குள்ள சோறு வடிக்கியளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சூடு ஆறியபின் ஆற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினோம். அவ்வளவும் இன்ஜினுக்குள்ளேயே இறங்கிப் போனது; சூட்டில் உள்ளே எங்கேயோ விட்டுப்போயிருந்தது. லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தோம். லாட்ஜ்காரர் கார் வேண்டாம் என்றுவிட்டார்.

தூத்துக்குடியில் வெளிநாட்டு வண்டி பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் வால்வைக் காட்டினேன். இது சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிட்டு, இன்ஜினுக்கே திரும்பும் குறுக்குப் பாதையை அடைக்கிற வால்வு, எடுத்துவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினையே சுற்றிக்கொண்டிருக்கும் என்றார். 82 என்பது அது திறக்கும் சூட்டின் அளவு; முள் முன்னால் நின்ற இடம்தான் அந்த இன்ஜினுக்கு வேண்டிய சூடு.

பாயிடம் போய்ச் சொன்னேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"நாந்தானலே போல்ட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன்" என்றார்.

ஆடி முடிவதற்குள் அவருக்குப் புது விசா வந்துவிட்டது. அவர் ரயிலேறிய மறுநாள் மகள் ஒர்க்ஷாப்புக்கு வந்தாள். வேப்பமரத்தடியில் நின்ற காரின் கதவைத் திறந்து, தான் எப்போதும் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"வாப்பா எப்ப வருவாவ?"

"கார் சரியாகட்டும்" என்றேன்.

அது சரியாகாது என்று எனக்குத் தெரியும். அந்த மாதமே அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டேன்.