கூண்டை இறக்கிய நாள்

ஏரி மீன் பண்ணையில் அவளைத் தண்ணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டதும் வேறு மாதிரி நினைத்துச் சிரிப்பார்கள். அவள் கண்டுகொள்ள மாட்டாள். விடிந்ததும் படகில் போய், மிதக்கும் பன்னிரண்டு கூண்டுகளின் பக்கத்திலும் மீட்டரின் ஒயரை இறக்கி, தண்ணீரின் சூட்டையும் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் நோட்டில் எழுதுவது அவள் வேலை. பதினொரு வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. அப்பா செத்த அன்றுகூட எழுதி முடித்துவிட்டுத்தான் சாவு வீட்டுக்குப் போனாள்.

அவள் புருஷனும் அங்கேதான் இருந்தான். முங்கிப் போய்க் கூண்டு வலைகளின் கிழிசலைத் தைப்பவன்.

அந்தக் கோடையில் ஒரு மாதமாகக் காற்றே வீசவில்லை. மேல்தண்ணீர் வெந்நீர் போலக் கிடந்தது. கெண்டை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ சூட்டில்தான் மூச்சு அதிகம் வேண்டும். தீவனத்தை நிறுத்துங்கள், கூண்டில் பாதி மீனை இப்போதே பிடித்துவிடுங்கள் என்று அவள் முதலாளியிடம் மூன்று முறை சொல்லிவிட்டாள்.

"பத்து நாள்ல லாரி வருது. இப்பப் போய் பட்டினி போடச் சொல்றியா?" என்றவர், குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். "மேலதான் கொதிக்குது. கீழ ஜில்லுன்னு இருக்கும். கூண்டை எல்லாம் ஆழத்துக்கு இறக்குங்க."

அவள் பதறிப்போனாள். "ஐயா, ஜில்லுன்னு இருக்கும், ஆனா மூச்சு விட ஆக்சிஜன் கிடையாது. மேல்தண்ணியும் கீழ்த்தண்ணியும் கலந்தே ஒரு மாசம் ஆச்சு. மீட்டரைப் பாருங்க, மேல நாலு காட்டுது, கீழ அரைகூட வரல. காத்தடிக்கிற பம்பு வச்சாப் பொழைக்கும்."

முதலாளி அவள் புருஷனைப் பார்த்தார். "தினம் முங்குறவன் நீ. நீ சொல்லுப்பா."

கீழே சேறு அழுகின முட்டை மாதிரி நாறுகிறது, நத்தைகூடச் செத்துக் கிடக்கிறது என்று போன வாரம் அவளிடம் சொன்னதே அவன்தான். இப்போது ஐந்து ஆட்கள் முன்னால் இளித்தான்.

"இவளுக்கு என்னங்க தெரியும்? மீட்டரைக் கையில வச்சுக்கிட்டு டாக்டரம்மா மாதிரி பேசுவா. கீழ நல்லாத்தான் இருக்கு. இறக்கிடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். முதல் கயிற்றை அவனே அவிழ்த்தான்.

சாயங்காலம் தண்ணீருக்கு மேலே ஒரு வாய்கூடத் தெரியவில்லை. "பாத்தியா? சத்தமே இல்ல. நிம்மதியா இருக்குதுங்க" என்றார் முதலாளி.

வீட்டில் அவள் கெஞ்சினாள். "ஏங்க, இப்பவாவது போய்த் தூக்கிடுங்க. ஒண்ணும் மிஞ்சாது."

"வாயை மூடிக்கிட்டுப் படு."

காலையில் ஐந்து பேர் சேர்ந்து இழுத்தும் வலை எழும்பவில்லை. எழும்பியபோது மீன்கள் வலையின் அடியில் குவியலாகக் கிடந்தன. எல்லா வாயும் பிளந்து, செவுள் மூடிகள் விரிந்து நின்றன. பன்னிரண்டு கூண்டிலும் அதே கதி. மூன்று நாள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அவளும் சாக்கில் அள்ளிக் குழிக்கு இழுத்தாள். வெயிலில் வயிறு வெடித்த மீன் முகத்தில் தெறித்தது.

நாற்றம் தாங்காமல் ஊரார் புகார் கொடுக்க, மீன்துறை அதிகாரி வந்தார். நோட்டைக் கேட்டார். முதலாளி கொடுத்த நோட்டில் அந்த வாரத்துப் பக்கங்கள் இல்லை.

"தண்ணி பாக்குறவ கீழ ஆக்சிஜன் நல்லா இருக்குன்னு சொன்னா சார். அதை நம்பித்தான் இறக்கினோம்."

"பொய்யி! அவரைக் கேளுங்க" என்று அவள் புருஷனைக் காட்டினாள்.

அவன் தரையைப் பார்த்தான். "ஆமாங்க. அவதான் சொன்னா."

மீட்டரை அங்கேயே வாங்கிக்கொண்டு அவளை வெளியே அனுப்பினார்கள்.

வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தினாள். "எப்படிங்க மனசு வந்துச்சு?"

"ரெண்டு பேரும் வெளிய வந்துட்டா வீட்ல அடுப்பு எரிய வேணாமா? ஒருத்தராவது உள்ள நிக்கணும்ல." பதிலை முன்பே யோசித்து வைத்திருந்தவன் போலச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஏரியைச் சுற்றியிருந்த எந்தப் பண்ணையும் அவளைச் சேர்க்கவில்லை. மீனைக் கொன்றவள் என்ற பேச்சு அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் மீன் வெட்டும் கொட்டகையில் இடம் கிடைத்தது. நாள் முழுக்க நின்றபடி செவுளைப் பிடுங்கிப் போட வேண்டும். பண்ணையில் அவள் புருஷனை மேஸ்திரி ஆக்கினார்கள்.

அடுத்த கோடையில் முதலாளி வெளியூரிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார். அன்று வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது புருஷனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"தெரியுமா உனக்கு? சூடு காலத்துல கூண்டை இறக்கவே கூடாதாம். கீழ ஆக்சிஜனே இருக்காதாம். பம்பு வைக்கணும், தீவனத்தைக் குறைக்கணும்னாரு. படிச்சவன் படிச்சவன்தான், என்ன?"

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். குத்திக் காட்டுகிறானா என்று தேடினாள். இல்லை. நிஜமாகவே மறந்துபோயிருந்தான்.