வால்வைத் திறக்கச் சொன்ன மூன்று தட்டு

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அந்த வால்வைத் திறந்தவன் நான்.

மரம் அறுக்கும் ஆலையில் எஞ்சின் டிரைவராக இருந்தேன். மரத்துண்டுகளை அடுப்பில் புகையவிட்டு, அதில் வரும் வாயுவை டீசலோடு கலந்து எஞ்சினை ஓட்டுவோம். வாயு விஷம். நாலு மூச்சு இழுத்தால் ஆள் காலி. வழியில் உள்ள வடிகட்டித் தொட்டிக்குள் வாரம் ஒருமுறை ஆள் இறங்கி, படிந்த தாரைச் சுரண்ட வேண்டும். அப்போதும் எஞ்சினை நிறுத்த முதலாளிக்கு மனசு வராது. வாயுவை அடைத்துவிட்டு டீசலில் மட்டும் ஓட்டுவோம்.

தொட்டி சுவருக்கு அந்தப் பக்கம். எஞ்சின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. அதனால் வேலை முடித்து வெளியே வந்தவன் குழாயை ஸ்பேனரால் மூன்று முறை தட்டுவான். பிறகுதான் நான் வால்வைத் திறப்பேன்.

அன்று இறங்கியவன் என் மனைவியின் தம்பி. பட்டப்பகல். மணி 2.10.

"மறந்து திறந்துடாதீங்க மச்சான். அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

"போடா, வாயாடி."

2.16. டங்... டங்... டங்.

அரை மணி நேர வேலை அது. ஏனோதானோ என்று சுரண்டியிருப்பான். எனக்கு எரிச்சல் வந்தது. வால்வைத் திறந்தேன்.

வாயு ஏறினால் எஞ்சின் சத்தம் இறங்கும்.

இறங்கவில்லை...

அப்படியென்றால் வாயு வேறெங்கோ போகிறது.

டங். டங். டங். மறுபடி. அதட்டுவது போல.

திரும்பினேன். என் பக்கத்து ஆணியில் ஸ்பேனர் தொங்கியது. அவன் அதை எடுத்துப்போகவே இல்லை.

வால்வை அடைத்தேன். ஓடினேன்.

தொட்டி மூடி திறந்திருந்தது. உள்ளே சுருண்டு கிடந்தான். இடுப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கனத்தது. ஒரு ஆளின் கனம் இல்லை அது...

பிழைத்தான். ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் என்னை முறைத்தான்.

"தலை சுத்துச்சு, ஏணியில ஏறினேன். ஏன் மச்சான் கீழேர்ந்து காலைப் பிடிச்சு இழுத்தீங்க?"

நான் தொட்டிக்குள் இறங்கவே இல்லை.

மறுநாள் அந்தக் குழாயை வெட்டி எடுக்கச் சொன்னேன். என் முஷ்டிகூட நுழையாத குழாய். வெல்டர் அதை நீளவாக்கில் பிளந்தார். உட்புறத்தை விரலால் தடவினார்.

"இது உள்ளேர்ந்து அடிச்ச அடிங்க."

எட்டிப் பார்த்தேன். உட்புறம் முழுக்கக் குழிகள். மும்மூன்றாக, வரிசை வரிசையாக. எல்லாவற்றிலும் கெட்டித் தார் படிந்திருந்தது.

கடைசி இரண்டு வரிசைகளில் மட்டும் தார் இல்லை. புதுக் குழிகள்.