விற்ற வேனின் சொந்தக்காரன்

பிள்ளைப்பாக்கத்து வசந்தகுமார் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்ததற்கு முழுக் காரணமும் அவன் மகள் தென்றல்தான். ஒன்றரை வயதாகியும் அந்தப் பிள்ளைக்குத் தானே சோறு பொங்கித் தின்று, கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாக இருக்கத் தெரியவில்லை.

ஒரகடத்துக் கம்பெனியில் அவன் பார்த்த காண்ட்ராக்ட் வேலை முடிந்தபோது, "மறுபடி கூப்பிடுவோம்" என்றார்கள். இன்னும் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார்கள் போலும். மனைவி கலைமதிக்கோ செல்போன் பாகங்களைப் பூட்டும் கம்பெனியில் நிரந்தர வேலை. அதனால் அவள் ஷிஃப்டுக்குப் போவது, அவன் வீட்டைப் பார்ப்பது என்று இருவரும் பேசி முடித்தார்கள்.

ஊருக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. ரேஷன் கடை வரிசையில், இடுப்பில் பிள்ளையும் கையில் எண்ணெய் டின்னுமாக நின்றவனைப் பார்த்துப் பக்கத்துத் தெரு எல்லப்பன் அக்கறையாகக் கேட்டார்.

"இன்னாபா, வூட்ல சும்மாதான் கீறியா?"

"சும்மாதான்ணா."

அந்தச் சும்மாவுக்குள் விடிந்ததிலிருந்து சமையலும் இரண்டு வாளித் துணியும் இருந்தன. அதையெல்லாம் விளக்கினால் எல்லப்பனின் மனம் புண்படும்.

ஓவர்டைம் நின்றுபோனதும் கலைமதியின் சம்பளம் சுருங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் கோழி, மாதம் ஒரு முறை வரும் விருந்தாளியானது. அப்போதுதான் அவள் மகளிர் உரிமைத் தொகைக்கு எழுதிப் போட்டாள். வீட்டில் ஓயாமல் உழைக்கிற பெண்ணுக்கு அரசாங்கம் செய்யும் மரியாதை அது. இந்த வீட்டில் ஓயாமல் உழைத்த ஆளுக்கு மீசை இருந்தது. இருந்தால் என்ன, வருவது வீட்டுக்குத்தானே.

விசாரிக்க வந்த பெண்மணி வாசலில் நின்றே எட்டிப் பார்த்தார். வசந்தகுமார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தான்.

"வீட்ல லேடீஸ் யாரும் இல்லீங்களா?"

"ஷிஃப்டுக்குப் போயிருக்காங்க மேடம். நான்தான் கீறேன்."

"நீங்க என்ன பண்றீங்க?"

"சமைக்கிறேன், கொழந்தய பாத்துக்கிறேன்."

"அது இல்லீங்க. வேலை."

அவன் கீரையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். "வேலை இல்லீங்க மேடம்."

அவர் நிம்மதியாகச் செல்போனில் தட்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. குடும்பத்துக்குச் சொந்தமாக நான்கு சக்கர வாகனம் இருப்பதால் தொகை இல்லையாம். ஓட்டை ஸ்கூட்டியைத் தவிர வேறு சக்கரம் அறியாத வீட்டில் கலைமதி காரைத் தேடினாள். பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கல்யாணத்துக்கு முன் சொந்தத் தொழில் ஆசையில் ஒரு பழைய வேனை வாங்கி, அது குடித்த டீசலுக்குப் பயந்து உச்சிமாகாளியிடம் விற்றிருந்தான். வேன் போனது. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் போகவில்லை. ஆளையே வேலையை விட்டு எடுத்த உலகம், வேனுக்கு மட்டும் அவனை விடாமல் முதலாளியாக வைத்திருந்தது.

உச்சிமாகாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒரகடம் கூட்டு ரோட்டில் அந்த வேனையே டிபன் கடையாக்கியிருந்தார். பின்கதவைத் திறந்து வைத்து அவர் மனைவி மாரிசெல்வி இட்லி எடுத்துக்கொண்டிருந்தாள். வசந்தகுமார் விஷயத்தைச் சொன்னதும் உச்சிமாகாளி கல்லாவில் மும்முரமாக எதையோ தேட ஆரம்பித்தார். மாரிசெல்விதான் பேசினாள்.

"அண்ணே, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. வண்டி எங்க பேருக்கு வந்தா எனக்கு மாசாமாசம் வார உரிமைத் தொகை ஆயிரம் நின்னு போவும்லா."

"அந்த வண்டி என் பேர்ல கீறதாலதாங்க எங்களுக்கு வரல."

"எனக்குத் தெரியும்ணே. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. புள்ளைக்கு ரெண்டு இட்லி வைக்கவா?"

மனசு கஷ்டத்தோடு அவள் வைத்த இட்லி மெத்தென்று இருந்தது. தென்றல் தின்று தீர்த்தாள். வசந்தகுமாரும் நான்கு தின்றுவிட்டு, கோபப்பட வந்ததை மறந்து காசு கொடுத்துவிட்டு வந்தான்.

கலைமதி தலையில் அடித்துக்கொண்டாள். "சண்டைக்குப் போய் நாஷ்டா துன்னுட்டு வந்துகீற. நாளைக்கு அந்த வண்டி எவனையாவது இடிச்சா கோர்ட்டுக்கு யார் போறது?"

தன் வார லீவில் அவனையும் இழுத்துக்கொண்டு அவளே போனாள். இரண்டு பெண்களும் வேனுக்குள் உட்கார்ந்து பேசினார்கள். கணவர்கள் வெளியே நின்று வெயிலைப் பற்றிக் கருத்துப் பரிமாறிக்கொண்டார்கள். பேசி முடித்து இறங்கியவர்கள் தீர்ப்பை மட்டும் அறிவித்தார்கள். வேன், உச்சிமாகாளியின் தம்பி நம்பிராஜன் பெயருக்குப் போகும். மறைமலை நகரில் வேலை பார்க்கும் அவன் கல்யாணமாகாதவன். ரேஷன் கார்டிலும் தனி ஆள். வேன் வந்தால் நின்றுபோக அவனிடம் தொகையும் இல்லை, குடும்பத் தலைவியும் இல்லை.

நம்பிராஜன் தியாகி போல முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். அடுத்த மாதமே அவனுடைய வரன் விவரத்தில் 'சொந்தமாக நான்கு சக்கர வாகனம் உண்டு' என்று ஏறிவிட்டது. கல்யாணமாகி வருகிறவளுக்கு உரிமைத் தொகை கிடைக்காது என்பதை யாரும் ஏற்றவில்லை.

கலைமதி மேல்முறையீடு செய்தாள். கிடப்பில் கிடந்து, பின்பு ஒரு நாள் பணம் வந்தது. எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"இன்னாத்துக்கு எங்கிட்ட?"

"வூட்டு வேல செய்றவங்களுக்குத்தான கவர்மென்ட் குடுக்குது. நானா செய்றேன்? வச்சுக்கோ."

வசந்தகுமார் அதை இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். வேலை போன பிறகு அவன் கையில் தனக்கென்று வந்த முதல் சம்பளம். என்னென்னவோ வாங்க நினைத்தான். மறுநாள் காலை சட்னி அரைக்கும்போது மிக்சி கருகிய வாசனையோடு நின்றது. அதைப் பழுதுபார்த்ததில் சம்பளத்தில் பாதி போனது. மீதியில் ஒரு கோழி வாங்கி வந்து, அவனே கழுவி, அவனே மசாலா அரைத்து, அவனே சமைத்தான்.

கலைமதி சாப்பிட்டுவிட்டு, உப்பு ஒரு கல் தூக்கல் என்றாள்.