மார்கழிக் குயில்

ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பால்கனிக் கம்பியில் ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. சோப்பு டப்பா அளவுதான். பறவைச் சத்தம் கேட்டால் தனக்குள்ளேயே யோசித்து, இன்ன பறவை, இத்தனை மணி என்று ஒரு வரி எழுதிவைக்கும். இணையம் வேண்டாம். சத்தத்தைச் சேர்த்துவைக்காது, அப்போதே அழித்துவிடும். ராணுவத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஒலிப்பதிவு செய்தால் வம்பு என்று, அப்படிப்பட்டதாகத் தேடி வாங்கியவள் நான்தான். மாதக் கடைசியில் பட்டியலை, பறவைகளைக் கணக்கெடுக்கும் குழுவுக்கு அனுப்புவேன்.

என் வீட்டுக்காரருக்கு அது விளையாட்டுப் பொருள். காலை ஆறு பத்துக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது, கீழே சைக்கிளை நிறுத்தி, பெட்டியைப் பார்த்துக் குயில் மாதிரி விசிலடிப்பார். பெட்டியும் நம்பி ‘குயில்’ என்று எழுதிவிடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்கழியில் எந்தக் குயில் கூவும்?

“உங்களுக்கு வேற வேலையே இல்லையா? என் பட்டியலே பாழாப் போவுது.”

“இன்னாத்துக்கு உன் பெட்டிக்கு இம்மாம் பெரிய மூளை? என்னியே கண்டுபிடிக்கத் தெரியல” என்று சிரித்துக்கொண்டே பெடலை மிதிப்பார்.

அவர் தெருமுனை திரும்பியதும் உட்கார்ந்து அந்த வரியை அழிப்பேன். தினமும், ஒன்று விடாமல்.

தை மாதம், வேலைக்குப் போனவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து வெள்ளானூர் ஃபிளாட்டுக்கு வந்தேன். பெட்டியும் வந்தது.

போன வாரம் குழுவைக் கவனிக்கும் பெண் போன் செய்தாள். “ஆன்ட்டி, உங்க மார்கழி லிஸ்ட்ல ஒரு குயில் இருக்குது. காலைல ஆறு பத்து. பெட்டி தப்பா எழுதிடுச்சுன்னு நெனைக்கிறேன். எடுத்துடவா?”

மார்கழியில் ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். அழிக்காமல் படுத்துவிட்டிருக்கிறேன். அந்த விசிலை யாரும் எதிலும் பிடித்துவைக்கவில்லை. பெட்டி அதைக் கேட்டதற்கு மிச்சம் இந்த ஒரு வரிதான். மற்றதையெல்லாம் நானே என் கையால் அழித்திருக்கிறேன், பாவி.

“எடுக்காதம்மா. நான் படுக்கையிலேர்ந்து கேட்டேன்.”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆன்ட்டி.”

இப்போது சித்திரை. எதிர் மனை வேப்பமரத்தில் விடிந்தால் குயில்தான். ஆறு பத்துக்குப் பால்கனியில் போய் நிற்கிறேன். இன்னும் ஒரே ஒரு தடவை ஏமாந்து போயேன் என்று பெட்டியிடம் கெஞ்சத் தோன்றுகிறது. நேற்று மட்டும் பதினொரு குயில் எழுதியிருக்கிறது. எல்லாம் நிஜக் குயில்.